அரை மணி முன்னால்

பிஷ்கெக் எங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.
அவ்வளவுதான்.
ஜெனோவா விமானம் ஏறிய வாரம்
கல்மண்டபம் மார்க்கெட் முழுக்க அம்மா இதையே சொன்னாள்:
"அரை மணிதான் வித்தியாசம்.
தாம்பரம் போவவே அதுக்கு மேல ஆவுது."

முதல் மாதம் ராத்திரி ராத்திரி அழுதாள்.
ரொட்டி, குழாய்த் தண்ணீர்,
ரஷ்ய மொழியில் எண்ணத் தெரியாமல்
கடைக்காரியிடம் பர்ஸையே நீட்டியது.
கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததற்கு
அறைத்தோழி கோமல் இரண்டு நாள் பேசவில்லை.
அம்மா போனை வாங்கி எல்லாம் கேட்டாள்.
வந்துடுறியா என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்டால் வந்துவிடுவாளோ என்று.
பாங்க் கடன் ஒரு பக்கம்,
கம்பெனியில் நான் வாங்கிய அட்வான்ஸ் ஒரு பக்கம்.

நவம்பரில் அங்கே பனி இறங்கியது.

நான் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்.
இரவு இரண்டு மணிக்கு லாரியில் வரும் பார்களைக்
கொக்கி போட்டு இழுத்து
மிஷினில் தள்ளி
விசைப்படகுகளின் வயிற்றை நிரப்புகிறவன்.
எங்கள் வீட்டில் குளிர் என்பது என் சம்பளம்.
அவளுக்கு அது தெரு.

காலேஜ் வாசலில் மூன்று முறை விழுந்தாள்.
வீங்கிய முட்டியைக் காமிராவில் காட்டி
"எப்டிடா நீ மட்டும் விழாம கீற?" என்றாள்.
பள்ளிக்கூட நாளிலிருந்து
அவள் என்னிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி.

சொன்னேன்:
குதிகாலை முன்னால வைக்காத.
பாதம் முழுசா, வாத்து மாதிரி.
பளபளன்னு இருந்தா நம்பாத,
வெள்ளையா இருக்கறது கொஞ்சம் பிடி குடுக்கும்.
கைய ஜோபில வுடாத.
விழறதா இருந்தா பக்கவாட்டுல விழு, கை ஊனாத.
பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும்,
எல்லாரும் அப்டித்தான் நடக்கறோம்.

பதிலுக்கு என் வலது கையைக் கேட்டாள்.
வியாழக்கிழமை தேர்வு,
எலும்புப் பெட்டியைச் சீனியர்கள் தரவில்லை.
"கட்டைவிரல் அடியில குழி கீதா? அமுக்கு. ஸ்கேபாய்ட்.
பக்கத்துல லூனேட்."
சுண்டுவிரல் பக்கம் ஒன்று, ஹேமேட்,
கொக்கி மாதிரியே இருக்குமாம்.
நான் கொக்கி பிடிக்கும்போது
உள்ளே இன்னொரு கொக்கி.
எட்டு பெயரையும் பேனாவால் தோலில் எழுதிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.
விடிவதற்குள் ஆறைத் தண்ணீர் கரைத்துவிட்டது.

ஜனவரியில் அழைப்புகள் குறைந்தன.
கோமலுக்கு இப்போது நெத்திலி வேண்டுமாம், இன்னும் ஒரு கிலோ.
குதிரைக் கறி தின்றதை
அம்மாவிடம் சொல்லாதே என்றாள்.
ஒரு ராத்திரி, மூச்சு வாங்க,
"வீட்டுக்கு வந்துட்டேன்மா, அப்புறம் பேசறேன்" என்றாள்.
அம்மா எழுந்துபோய்
எங்கள் கதவைத் திறந்து பார்த்தாள்.

போன சனிக்கிழமை நான் விழுந்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை,
பளபளப்பான இடத்தில், கை ஊன்றி.
ஸ்டான்லியில் ராத்திரி டூட்டி டாக்டர்,
என்னைவிடச் சின்னப் பையன்,
எங்கே வலி என்றான்.
குழியை அமுக்கிக் காட்டி ஸ்கேபாய்ட் என்றேன்.
எக்ஸ்ரே சீட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.
"யாரு சொன்னா?"
"எங்க அக்கா."
"எந்த ஆஸ்பத்திரி?"
பதில் சொல்ல வராமல் மேற்கூரையைப் பார்த்தேன்.
மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரம்.
நேற்று கூப்பிட்டாள்.
தலையில் மப்ளர், மேஜையில் தேநீர்,
பின்னால் கோமல் எதையோ பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.
"கைய நீட்டுடா, ஒரு தடவ சரிபாத்துக்கறேன்."
மாவுக்கட்டை லுங்கிக்குள் ஒளித்து
இடது கையை நீட்டினேன்.

நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.
தேநீரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"வலது எங்க?" என்றாள்.
அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.